வாங்குவதா, எழுதுவதா, வாங்கி மாற்றுவதா?

நிறுவனத்துக்குப் புது மென்பொருள் என்று பேச்செடுத்ததும் மூன்று யோசனைகள் எழும். ரெடிமேட் பேக்கேஜை அப்படியே வாங்கலாம். சொந்தமாக எழுதலாம். அல்லது பேக்கேஜை வாங்கி, நம் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பல கூட்டங்களில் மூன்றாவதே ஜெயிக்கிறது. அதில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மூன்றிலும் ஆபத்தானது அதுதான் என்பேன்.

சொந்தமாக எழுதினால் செலவும் காலமும் கூடும். எழுதியவர்கள் வேலையை விட்டுப் போனால் திண்டாட்டம். ஆனால் சரியான இடத்தில் எழுதினால் பலன் பெரிது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஐ.பி.எம்.முடன் சேர்ந்து உருவாக்கிய சேபர் என்ற கணினி அமைப்பு, 1964இல் அந்நிறுவனத்தின் முன்பதிவு முழுவதையும் ஏற்றது. அதற்கு முன்பு ஒரு பதிவை முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பிறகு சில விநாடிகள்தான். அதுவரை மிச்சமானது நேரம் மட்டுமே. 1976இல் டிராவல் ஏஜெண்டுகளின் அலுவலகங்களுக்கே சேபர் திரை போனபோதுதான் வியாபாரத்தின் போக்கு மாறியது. பின்னாளில் அந்தத் திரை அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விமானங்களை முன்னால் காட்டியது. போட்டியாளர்கள் கொதித்தார்கள், 1984இல் அமெரிக்க அரசின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு அதற்குத் தடை விதித்தது. அந்தச் சலுகை நியாயமானதல்ல. ஆனாலும் பறந்துவிட்ட விமானத்தின் காலி இருக்கையை மறுநாள் விற்க முடியாது. முன்பதிவுதான் அந்தத் தொழிலின் உயிர்நாடி. அதைச் சொந்தக் கையில் வைத்திருந்தது சரியான முடிவு.

சம்பளப் பட்டியல், கணக்கு, வரி போன்றவற்றை வாங்கிவிடுங்கள். இவற்றில் நாம் தனி வழி போவதால் எந்த வாடிக்கையாளரும் கூடுதலாக வரப்போவதில்லை. சட்டம் மாறினால் அப்டேட் தரும் பொறுப்பும் விற்றவருடையது.

மூன்றாம் வழிக்கு வருவோம். ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் குழுமம் 2011இல் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் நிறுவனத்தின் பேக்கேஜுக்கு மாறத் தொடங்கியது. சரக்கு மதிப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிடுவது லிடிலின் வழக்கம். பேக்கேஜோ விற்பனை விலையில் கணக்கிடும். லிடில் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்தது. ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பிறகு, 2018இல் திட்டத்தையே கைவிட்டது. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வகை மாற்றம் எங்கும் ஒரே மாதிரிதான் கழுத்தை இறுக்குகிறது. லைசென்ஸ் விலை கொட்டேஷனில் கண்ணுக்குத் தெரியும். கஸ்டமைசேஷன் சின்னச் சின்னக் கோரிக்கைகளாக வந்து சேரும். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அத்தனையையும் மறுபடி சோதிக்க வேண்டும். கடைசியில் பேக்கேஜின் சௌகரியமும் இல்லை, சொந்த மென்பொருளின் சுதந்திரமும் இல்லை.

ஒவ்வொரு மாற்றக் கோரிக்கைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வழக்கத்தை விட்டால் வாடிக்கையாளர் எதை இழப்பார்? பதில் இல்லையென்றால் வழக்கத்தை மாற்றுங்கள். உறுதியான பதில் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியாக எழுதி, பேக்கேஜோடு ஏ.பி.ஐ. (இரண்டு மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு வழி) மூலம் இணையுங்கள், பேக்கேஜின் உள்ளே கை வைக்காதீர்கள். இந்தப் பதிலை ஐ.டி. மேலாளரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். சரக்கை எந்த விலையில் மதிப்பிடுவது என்பதை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்தக் கையெழுத்து நிதித் தலைவருடையது.