சவுகார்பேட்டையில சிலிகான் கேக் மோல்டு வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க

ராயபுரத்துல எங்க தெருவுக்கு கிறிஸ்மஸ் பிளம் கேக்கு பத்து வருஷமா நான் தான் சுடறேன். அக்டோபர்லயே திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சு தோலு எல்லாம் ஊறப் போட்டுடுவேன். இந்த தடவ பட்டர் பேப்பர் வெட்டற வேலை மிச்சம்னு மின்ட் ஸ்ட்ரீட்ட ஒட்டின சந்துல ஒரு கடையில ஆறு சிலிகான் மோல்டு 540 ரூபாய்க்கு வாங்கினேன். "ஃபுட் கிரேடுமா, 230 டிகிரி தாங்கும், கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ"ன்னாரு. பில்லு கேட்டா துண்டு சீட்டுல தொகைய மட்டும் எழுதி நீட்டினாரு, கூட்டமா இருந்துச்சு, நானும் வாங்கிக்கினு வந்துட்டேன்.

கவர பிரிச்சதுமே டயர் கடையில நிக்கற மாதிரி வாசம். புதுசுன்னா அப்டித்தான் இருக்கும், கழுவினா போயிடும்னு சோப்பு போட்டு தேய்ச்சி ரெண்டு நாள் மாடியில காய வெச்சேன். அப்புறம் மூணு மோல்டுல மாவு ஊத்தி ஓடிஜியில, அதான் கரண்டு ஓவன்ல, 160 டிகிரி தான் வெச்சேன். இருபது நிமிஷத்துல வீடு பூரா நாத்தம், எங்க மாமா ஒயர் எரியுதுன்னு நெனச்சி மீட்டர் பெட்டிய தொறந்து பாத்துட்டு வந்தாரு. வெளிய எடுத்தா மோல்டு உள்பக்கம் பிசுபிசுன்னு கையில ஒட்டுது, கேக்கு அடியில எண்ணெ மாதிரி ஒரு படலம். ஓரத்துல கிள்ளி வாயில வெச்சேன், பட்டை கிராம்பு வாசத்துக்கு பின்னாடியே ரப்பர் வாசம். மூணு கேக்கும் குப்பைக்கு போச்சு. ரெண்டு மாசம் ஊறின பழம்ங்க, காசு கூட சம்பாதிச்சிக்கலாம் அந்த ரெண்டு மாசத்த எங்க போய் வாங்கறது.

பெரம்பூர்ல கேக் ஆர்டர் எடுக்கற எங்க அக்கா தான் காட்டினாங்க. அவங்க மோல்ட இழுத்து முறுக்கினா கலர் மாறல, என்னுத முறுக்கினா மடிப்புல வெள்ளக் கோடு, அப்டின்னா கலப்படம் இருக்க வாய்ப்பிருக்குன்னாங்க. இத மட்டும் வெச்சி முடிவு பண்ணக்கூடாதுன்னு ஒரு சின்ன துண்ட வெட்டி இடுக்கியில புடிச்சி பால்கனியில கொளுத்தினாங்க. நல்ல சிலிகான்னா வெள்ளச் சாம்பல் தான் மிஞ்சும். என்னுது உருகி சொட்டுச்சு, கருப்புப் பொகை. சிலிகானே இல்ல அது. நல்ல மோல்டுல குத்தமே இல்லங்க, தொளதொளன்னு இருக்கறதால தட்டு மேல வெச்சி மாவு ஊத்தணும், சூடு மெதுவா ஏறும், அவ்ளோ தான். எந்தக் கடையில வாங்கினாலும் மொதல்ல வெறும் மோல்ட ஓவன்ல வெச்சி மோந்து பாத்துட்டு அப்புறம் மாவு ஊத்துங்க.

திரும்ப எடுத்துக்கினு போனா, "நீ ஹீட்டு அதிகமா வெச்சிருப்ப"ங்கறாரு. 230 தாங்கும்னு சொன்னவரு தான! வித்த பொருள் வாபஸ் இல்லன்னு போர்ட வேற காட்டறாரு. அந்த போர்டுக்கெல்லாம் பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில்லு குடுக்காததும் தப்பு, பில்லுல வேற கெடு போடலன்னா கொறை இருக்கற பொருள 30 நாளுக்குள்ள திரும்ப வாங்கி காசு குடுக்காததும் தப்பு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் குடுத்திருக்கேன், ஜிபேயில கட்டின ஸ்கிரீன்ஷாட் தான் கையில இருக்கற ஒரே ஆதாரம், மோல்டு ஆறையும் கவர்ல கட்டி வெச்சிருக்கேன்.

மிச்சம் இருந்த பழத்துல அம்மாவோட பழைய அலுமினிய டின்ல ரெண்டு கேக்கு தான் தேறுச்சு. எதிர் வீட்டு ஆயாவுக்கு வருஷா வருஷம் முழு கேக்கு போவும், இந்த தடவ பாதி தான் குடுக்க முடிஞ்சிது.