பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பி இன்டோர் ஆன்டெனா வாங்காதீர்கள்

"400 கிலோமீட்டர் வரை எடுக்கும், 4கே, சிக்னல் பூஸ்டருடன்" என்று போட்டிருந்த தட்டையான இன்டோர் ஆன்டெனா ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஒளிபரப்புக் கோபுரம் என் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்கேன் போட்டால் மூன்றே சேனல்தான் வந்தது. அதிலும் ஒன்று, யாராவது எழுந்து நடந்தாலே கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

விற்றவரிடம் கேட்டேன். ஜன்னலில் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். சரி, அது நியாயமான யோசனைதான். மாற்றம் எதுவும் இல்லை என்றதும் "உங்கள் பகுதியில் சிக்னல் இல்லை" என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும் பழைய ஆன்டெனா எல்லாச் சேனலையும் எடுக்கிறதே என்று கேட்டேன். அப்புறம் பேரம் ஆரம்பித்தது: திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது, திருப்பி அனுப்பாவிட்டால் பாதிப் பணம் தருவார்களாம், பதிலுக்கு நான் ஐந்து நட்சத்திரம் போட வேண்டுமாம். அந்தப் பக்கத்தில் இருந்த பாராட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

கடுப்பில் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினியத் தகடு. பூஸ்டர் டப்பாவுக்குள் ஒரு நீல விளக்கும் ஒரு ரெசிஸ்டரும் (மின்தடை) மட்டுமே, சிக்னலைப் பெருக்கும் பாகம் எதுவும் இல்லை. ஆன்டெனா கேபிள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே வெளியே போகிறது. அந்த விளக்கு எரியத்தான் யூஎஸ்பி!

400 கிலோமீட்டர் என்பதே நடக்காத காரியம். பூமி வளைந்திருப்பதால், 300 மீட்டர் உயரக் கோபுரத்தின் சிக்னல்கூட தரைமட்டத்தில் சுமார் 70 கிலோமீட்டரோடு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். வானிலை கூடிவந்தால் சில நேரம் தாண்டி வரும், அதை நம்பி டிவி பார்க்க முடியாது. 4கே என்பதும் வெறும் அலங்காரம். படத்தின் ரெசல்யூஷனுக்கும் (நுணுக்க அளவு) ஆன்டெனாவுக்கும் சம்பந்தமில்லை, அது ஒளிபரப்பையும், டிவியையும், அதில் சேனலைப் பிரித்தெடுக்கும் டியூனரையும் பொறுத்தது.

வாங்கும் முன் உண்மையில் கேட்க வேண்டியது, உங்கள் சேனல்கள் யூஎச்எஃப்பில் (அதிக அதிர்வெண், குட்டையான அலை) வருகின்றனவா, விஎச்எஃப்பிலா (குறைந்த அதிர்வெண், நீளமான அலை) என்பதுதான். ஆன்டெனா சுமார் அரை அலைநீளம் இருந்தால் நன்றாக எடுக்கும். யூஎச்எஃப்பில் 600 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் 25 சென்டிமீட்டர், தட்டை ஆன்டெனாவில் அடங்கிவிடும். விஎச்எஃப்பில் 180 மெகாஹெர்ட்ஸுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். அதற்கு இழுத்து நீட்டும் இரண்டு கம்பிகள் உள்ள பழைய மாடலே மேல். நான் இப்போது வைத்திருப்பது அதுதான், கோபுரத்தைப் பார்த்த ஜன்னலோரம், பூஸ்டர் இல்லாமல். கண்ணாடியில் வெப்பத்தடுப்பு உலோகப் பூச்சு இருந்தால் அந்த ஜன்னல் உதவாது. நிஜமான பூஸ்டரும் இரைச்சலைச் சேர்த்தேதான் பெருக்கும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் டியூனரைத் திணறவைத்து வருகிற சேனலையும் கெடுத்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்கேன் போடுங்கள். நிஜ பூஸ்டர் என்றால் மின்சாரம் இல்லாதபோது சிக்னல் பெரும்பாலும் விழுந்துவிடும். துளியும் வித்தியாசம் இல்லை என்றால் சந்தேகப்படலாம். அதை வீடியோ எடுத்து, விற்றவரிடம் மல்லுக்கட்டாமல் நேராக விற்பனைத் தளத்திடமே புகார் கொடுங்கள். டப்பாவின் உட்புறப் படத்தோடு அந்தப் பேரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பிய பிறகுதான் எனக்கு முழுப் பணமும் வந்தது.