‘ஜமல் அல்-மஹாமில்’ போஸ்டர்: படத்துக்கு முழு மார்க், பிரிண்டுக்கு ஐந்துக்கு ஒன்றரை

மூன்று வாரம் காத்திருந்து பார்சல் வந்தது. உள்ளே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரமாக ஒரு போஸ்டர், பத்து தர்பூசணி ஸ்டிக்கர், ஹன்தலா என்ற கார்ட்டூன் பையன் படம் போட்ட ஒரு சாவிக்கொத்து. ‘பாலஸ்தீன் செட்’ என்று போட்டிருந்தார்கள், கூரியரோடு 1,640 ரூபாய். கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே படத்தை இதே லட்சணத்தில் விற்கிற இடங்கள் நாலைந்து கண்ணில் பட்டன, அதில் ஒன்றை மட்டும் பிடித்து மொத்துவதில் என்ன பயன். அடுத்து வாங்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போஸ்டர், ஏனென்றால் நான் வாங்கியதே அதற்காகத்தான். பாலஸ்தீன ஓவியர் சுலைமான் மன்சூர் 1973இல் வரைந்த படம். பீர்ஸெய்த்தில் 1947இல் பிறந்தவர், அதாவது பாலஸ்தீனர்கள் ஊர் ஊராகப் பெயர்க்கப்பட்ட 1948 நக்பாவுக்கு ஒரு வருடம் முன்னால். படத்தில் வயதான சுமைகூலி ஒருவர் குனிந்து நிற்கிறார், முதுகில் ஜெருசலேம் நகரமே மூட்டையாகக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. மூட்டை கண் வடிவத்தில் இருக்கும், அதன் நடுவே தங்கக் குவிமாடம், சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். ஆனால் பெரியவரைச் சுற்றி எதுவுமே இல்லை, தெரு இல்லை, மரம் இல்லை, வெளிறிய வெற்றுவெளி மட்டும். எங்கே கிளம்பினார், எங்கே இறக்கி வைப்பார் என்று ஒன்றும் தெரியாது. தரையைத் தொடுவது செருப்பில்லாத அந்தப் பெரிய பாதங்கள் மட்டும்தான். எமில் ஹபீபி என்ற எழுத்தாளர் வைத்த பெயர் ‘ஜமல் அல்-மஹாமில்’, சுமைகளின் ஒட்டகம்.

எனக்கு வந்த பிரிண்டில் அந்தப் பாதம் இல்லை.

கணுக்காலுக்கு மேலேயே வெட்டு. சமூக வலைத்தளத்தில் யாரோ சதுரமாக வெட்டிப் போட்ட கோப்பை அப்படியே எடுத்து அச்சடித்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிகிறது. அந்த மாதிரிக் கோப்புகள் பெரும்பாலும் 1080 பிக்சல்தான் இருக்கும். அதைப் பதினெட்டு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 60 புள்ளி, கையில் பிடித்துப் பார்க்கிற அச்சுக்கு 300 வேண்டும் என்பார்கள். அதனால் மூட்டைக்குள் இருக்கிற வீடுகள், இந்தப் படத்தின் உயிரே அந்தச் சின்னச் சின்ன வீடுகள்தான், எல்லாம் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி குழைந்து கிடக்கின்றன. பின்னணி வேறு மஞ்சள் பூசிக் குளித்த நிறத்துக்கு வந்துவிட்டது. தாள் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். கெட்டியான மேட் தாள், கசங்காமல் அட்டைக் குழாயில் வைத்து அனுப்பினார்கள். அந்த ஒன்றரை மார்க் அதற்குத்தான்.

சரி, வந்தது வந்துவிட்டது, சட்டம் போட்டாவது மாட்டுவோம் என்று தெருமுனை ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மேசைமேல் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஊரையே தூக்கிட்டு நிக்கிறாரு, சரி தம்பி, பெரியவர் காலை எங்க விட்டீங்க?” என்றார். படத்தைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. திரும்பச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போஸ்டர்தானே, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். இந்தப் படத்தைப் பொறுத்தவரை பிரிண்ட் என்பது மட்டமான சரக்கே இல்லை. எழுபதுகளில் இஸ்ரேல் ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதியில் படம் மாட்டி வைக்கக் கேலரி என்று பெரிதாக எதுவும் கிடையாது, பள்ளிக்கூடம், டவுன் ஹால் என்று கிடைத்த இடத்தில் கண்காட்சி வைத்தார்கள். 1975 வாக்கில் இந்தப் படம் போஸ்டராக அச்சாகி வீடு, கடை, முகாம் என்று சுவர் சுவராகப் போய்ச் சேர்ந்தது. அசல் என்ன ஆயிற்று என்றால், அது லிபியாவுக்குப் போய் அந்நாட்டை ஆண்ட கடாபியின் கைக்கு வந்ததாகவும், 1986 அமெரிக்கக் குண்டுவீச்சில் அழிந்துபோனதாகவும் சொல்கிறார்கள். மன்சூர் 2005இல் உட்கார்ந்து மறுபடி வரைந்தார். 2015இல் துபாய் கிறிஸ்டிஸ் ஏலத்தில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போனது அப்படி மறுபடி வரைந்த படம். ஆக, நடுவில் அந்தப் பத்தொன்பது வருடமும் அந்தப் பெரியவரை நிற்க வைத்தது சுவரில் ஒட்டிய தாள்தான். அந்தத் தாளில் போய் காலை வெட்டினால் கோபம் வருமா வராதா?

தர்பூசணி ஸ்டிக்கர் பற்றி குறை இல்லை. தண்ணீர் பட்டாலும் உரியவில்லை, லேப்டாப்பில் ஒன்று, வண்டியில் ஒன்று ஒட்டியிருக்கிறேன். ஆனால் பாக்கெட்டின் பின்னால் ‘சம்மர் வைப்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறார்கள், தலையில் அடித்துக்கொண்டேன். இந்தத் தர்பூசணியின் கதைகளில் அடிக்கடி சொல்லப்படுவது மன்சூர் சொல்வது. 1980இல் ரமல்லாவில் ‘கேலரி 79’ என்ற இடத்தில் வைத்த கண்காட்சியை இஸ்ரேல் ராணுவம் மூடியது. அவரையும் நபீல் அனானி, இஸாம் பத்ர் ஆகியோரையும் கூப்பிட்டு அதிகாரி ஒருவர் பேசினார், அரசியலை விட்டுவிட்டு அழகான பூ, அழகான பெண் என்று வரையலாமே, சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நான்கையும் சேர்த்து மட்டும் வரையக் கூடாது என்று. அது பாலஸ்தீனக் கொடியின் நிறம், கொடியே தடை செய்யப்பட்டிருந்த காலம். பூவையே அந்த நிறங்களில் வரைந்தால் என்று ஓவியர்கள் பக்கமிருந்து கேட்டிருக்கிறார்கள். தர்பூசணியை வரைந்தாலும் பறிமுதல் செய்வோம் என்று பதில் வந்ததாம். பழத்தை முதலில் கொடியாகப் பார்த்தவர் அந்த அதிகாரி! ஓவியர் காலித் ஹௌரானி 2007இல் அதைப் படமாகவே செய்தார், இப்போது உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்கெட்டில் இதை நாலு வரி போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்.

சாவிக்கொத்துக்கு வருகிறேன். இது வேறு ரகம். ஹன்தலா என்பவன் கார்ட்டூனிஸ்ட் நாஜி அல்-அலி 1969இல் படைத்த பத்து வயதுப் பையன், ஒட்டுப்போட்ட சட்டை, வெறுங்கால், முள்ளு முள்ளாக நாலைந்து தலைமுடி. நாஜி அல்-அலி தன் ஊரான அல்-ஷஜராவை விட்டு ஓட வேண்டி வந்தபோது அவருக்கு அந்த வயது, வளர்ந்தது லெபனானின் ஐன் அல்-ஹில்வே முகாமில். ஊருக்குத் திரும்பும்வரை பையனுக்கு வயது ஏறாது என்று சொல்லிவிட்டார். 1973க்குப் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டியபடியே நிற்பான். 1987இல் லண்டனில் நாஜி அல்-அலியைத் தெருவில் சுட்டார்கள், ஐந்து வாரம் கழித்து இறந்தார். பையன் திரும்பவே இல்லை.

நம் கடைக்காரர்கள் சாவிக்கொத்தின் ஒரு பக்கம் முதுகை அச்சடித்துவிட்டு, மறுபக்கம் காலியாக இருக்கிறதே என்று முகம் வரைந்துவிட்டார்கள். சிரித்த முகம். கன்னத்தில் குழி வேறு.

கடைக்கு எழுதிக் கேட்டேன். படத்துக்குக் கீழே ‘அரேபியன் விண்டேஜ் ஆர்ட்’ என்று இருக்கிறதே, ஓவியர் பெயர் எங்கே, அவருக்குப் பணம் ஏதாவது போகிறதா என்று. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற படம்தானே சார் என்று பதில் வந்தது, கூடவே அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். மரியாதையாகத்தான் பேசினார்கள், கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ‘இலவசமாகக் கிடைக்கிற படம்’ என்ற வார்த்தைதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காஸாவின் ஓவியர் ஹிபா ஸகூத், பூவேலை போட்ட உடையில் பெண்கள், குவிமாடம், வீடுகள் என்று பளிச்சென்ற நிறங்களில் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுவார். 2023 அக்டோபர் 13ஆம் தேதி குண்டுவீச்சில் தன் பிள்ளைகள் இருவரோடு கொல்லப்பட்டார். கொடியின் நிறங்களில் வரைந்ததற்காக எண்பதுகளில் சிறைக்குப் போன ஃபத்ஹி கபன், சிகிச்சைக்கு வெளியே போக அனுமதி கிடைக்காமலேயே 2024 பிப்ரவரியில் இறந்தார். எல்திகா, ஷபாபீக் என்று காஸாவில் ஓவியர்களே சேர்ந்து நடத்திய இரண்டு இடங்களும் 2023இல் தொடங்கிய போரில் அழிந்தன. காஸா ஓவியர் மைஸரா பரூத் வீட்டையும் ஸ்டுடியோவையும் இழந்த பிறகு, இடம் மாறி இடம் மாறி, கறுப்பு மையில் தினம் ஒன்று வரைந்து இணையத்தில் போட்டார். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று நண்பர்களுக்குச் சொல்லத்தான் அது. அங்கே பலருக்கு அசல் போய்விட்டது, மிஞ்சியிருப்பது அந்தக் கோப்புதான். அதைத்தான் வெட்டி, பெயரை எடுத்துவிட்டு விற்கிறோம்.

வாங்குபவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கீழே ஓவியர் பெயரும் வருடமும் இல்லாத பிரிண்டைத் தொடாதீர்கள். பல ஓவியர்கள் தாங்களே சமூக ஊடகத்தில் இருக்கிறார்கள், நேரே கேட்டுப் பாருங்கள், விலை கூடத்தான் இருக்கும். கடைக்காரர் அனுப்பும் மாதிரிப் படத்தை முழுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்கு டேனியல் வால்ஷ் என்ற அமெரிக்கர் எழுபதுகளில் தொடங்கிச் சேர்த்த பாலஸ்தீன் போஸ்டர் ப்ராஜெக்ட் ஆவணக் காப்பகம் இணையத்தில் இருக்கிறது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்டர்கள், காசு கிடையாது. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தால்கூடக் கால்வாசி தாண்டாது. 1936இல் சுற்றுலாவுக்காக ஃப்ரான்ஸ் க்ராவுஸ் வரைந்த ‘விசிட் பாலஸ்தீன்’ இருக்கிறதே, குவிமாடத்தை மரத்தடியிலிருந்து பார்ப்பது போல, அதையே 2009இல் ஆமர் ஷோமலி காட்சியை மறைக்கிற இஸ்ரேலின் பிரிப்புச் சுவரோடு திரும்ப வரைந்ததையும் தேடிப் பாருங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

மன்சூரின் மண் ஓவியங்களுக்கு மட்டும் பிரிண்ட் வாங்காதீர்கள். 1987இல் தொடங்கிய இன்திஃபாதா என்ற பாலஸ்தீன மக்கள் எழுச்சியில் இஸ்ரேலியப் பெயிண்டைப் புறக்கணித்து அவரும் வெரா தமாரி, தைஸீர் பரகாத், நபீல் அனானியும் மண், மருதாணி, தோல், மரம் என்று கையில் கிடைத்ததில் செய்யத் தொடங்கினார்கள். காய்ந்து வெடித்த மண்ணின் விரிசல்தான் அந்தப் படங்களில் விஷயமே. வழவழ தாளில் அது வெறும் கோடாகத்தான் தெரியும்.

போஸ்டரைப் பரணில் போட்டுவிட்டேன், பாதத்தோடு ஒன்று கிடைத்ததும் ஃபிரேம் கடை அண்ணனிடம் கொண்டுபோகிறேன். சாவிக்கொத்து தகரத் தகடு என்பதால் அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்ததில் சிரிப்பு, கன்னக்குழி எல்லாம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. அந்தப் பக்கம் இப்போது வெறும் தகரம், வண்டிச் சாவி அதில்தான் தொங்குகிறது.