சல்லரி எங்கே போனது? எம்பி3 உடன் 18 ஆண்டுகள்

தன் மாமியார் பாடிய, கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாடல் கசெட்டுகளை எம்பி3 ஆக மாற்றிவிட்டு எறிந்துவிடலாமா என்று களுவாஞ்சிகுடியிலிருந்து நண்பர் கேட்டிருக்கிறார். அந்த 'எறிந்துவிடலாமா'தான் என்னை எழுத உட்கார வைத்தது. 18 ஆண்டுகளுக்கு முன் நான் எறிந்தவன்.

என் தாய்மாமா அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவர். வட்டக்களரியில், அதாவது வட்டமான கூத்து மேடையில், அவர் விடிய விடிய ஆட்டுவித்த வடமோடிக் கூத்து எட்டுக் கசெட்டுகளில் எங்களிடம் இருந்தது. மட்டக்களப்பு நகரத்துக் கடையொன்றில் கொடுத்து, நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினேன். மணிக்கு 58 மெகாபைட். எட்டு மணி நேரக் கூத்தும் ஒரே சீடியில் அடங்கி இடமும் மிஞ்சியது. பாட்டுச் சீடியாக அடித்திருந்தால் ஒன்றில் 80 நிமிடந்தான் கொள்ளும். பூஞ்சை பிடித்த கசெட்டுகளைக் குப்பையில் போட்டேன்.

எம்பி3இன் உழைப்பில் குறை சொல்லமாட்டேன். முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், கோயில் ஒலிபெருக்கி, அம்மாவின் தலைமாட்டுப் பெட்டி என எங்கே செருகினாலும் பாடியது. 2017இல் அதன் காப்புரிமை உரிமத் திட்டம் முடிந்தபோது எம்பி3 செத்துவிட்டது என்று எழுதினார்கள். எங்கள் வீட்டில் அது ஒருநாளும் நிற்கவில்லை. மாமாவின் குரலும் அப்படியே இருக்கிறது. விடியற்புறத்தில் தொண்டை கட்டிய நிலையில் தருவை (கூத்துப் பாட்டை) தொடங்குமுன் அவர் மூச்செடுப்பதுகூடக் கேட்கும். அவர் போன பிறகு அம்மா அந்த மூச்சுக்காகவே திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்.

ஆனால் சல்லரி என்ற கைத்தாளம்! களரியில் கணீரென்று வெட்டி விழுந்த அந்தத் தாளம் இந்தக் கோப்பில் தண்ணீருக்குள் சில்லறை குலுக்கியதுபோல் சலசலக்கிறது. பிற்பாட்டுக்காரர்கள் சேர்ந்து எடுக்கும் இடங்களில் இன்னும் மோசம். உரத்த ஒலிக்கு அருகே மெல்லிய ஒலி காதில் படாது என்ற கணக்கில்தான் எம்பி3 இயங்குகிறது. சீடியில் நொடிக்கு 1411 கிலோபிட் எடுப்பதை 128க்குள் அடக்க, பதினொன்றில் பத்துப் பங்கைக் கழிக்கவேண்டும். கசெட்டின் இரைச்சலையும் அது ஒலியாகவே எண்ணிப் பங்கு கொடுத்துவிடுகிறது. சல்லரிக்கு மிஞ்சியது கொஞ்சம்.

மத்தளத்துக்கு வேறு கேடு. ஒலியை ஏறக்குறைய 13 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டிச் சுருக்கும்போது வரும் பிழை துண்டு முழுவதும் பரவும். அமைதியை உடைத்து விழும் அடிக்கு முன்னாலேயே மெல்லிய புழுதிபோல் ஓர் இரைச்சல் எழுகிறது. துண்டைச் சிறிதாக்கிச் சமாளிக்கும் வழி எம்பி3 இல் உண்டு. என் கோப்பில் அது போதவில்லை. பாத்திரம் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளத்தில் மாமாவின் விரல் எவ்வளவு கூர்மையாக விழும் என்பதை என் பிள்ளைகள் அறியமாட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

அதே கோப்பை 320 கிலோபிட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். கோப்பு இரண்டரை மடங்கு பெருத்தது, சல்லரி வரவில்லை. கழித்துவிட்டதை எந்த மென்பொருள் கொண்டுவரும்?

18 ஆண்டு உழைத்த இந்த வடிவத்தைப் பாதுகாப்புக்கென்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். முதலில் வேவ் கோப்பாக, சுருக்காமல் பதியுங்கள். இடம் போதாவிட்டால் ஃபிளாக். அது எதையும் இழக்காமல் சுருக்கும். கைபேசியில் கேட்க அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

கசெட்டுகளை மட்டும் எறியவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கல்லடிக்குக் கொண்டுவாருங்கள். என்னிடம் நன்றாக ஓடும் கசெட் பெட்டி ஒன்று இருக்கிறது. நாடாவைப் படிக்கும் அதன் தலையைத் துடைத்து வைக்கிறேன்.