சூயஸும் பனாமாவும்: மேல்தள அதிகாரியாக 22 ஆண்டு அனுபவம்

பயிற்சி மாலுமியாகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே சூயஸ் கால்வாயைக் கடந்துவிட்டேன். பனாமாவைக் காண மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. சரக்குக் கப்பல்களில் கழிந்த 22 ஆண்டுகளில் முன்னதை 31 முறையும் பின்னதை 14 முறையும் கடந்திருக்கிறேன். இரு கடல்களை இணைக்கும் கால்வாய்கள் என்று பாடநூல்கள் இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடுவதால், கடக்கும் அனுபவமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணித்தான் நானும் வேலைக்கு வந்தேன். உண்மையில், ஒன்றில் கற்ற பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டு போகவே முடியாது.

1869 நவம்பர் 17 அன்று திறக்கப்பட்ட சூயஸ், கடல் மட்டத்திலேயே வெட்டப்பட்ட 193 கிலோமீட்டர் நீள வாய்க்கால். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வடக்கே போர்ட் சயீதிலும் தெற்கே சூயஸ் நகரிலும் கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்து, கான்வாய் எனப்படும் அணிவரிசையில் இடம் பெற்று, ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. எட்டு அல்லது ஒன்பது நாட், அதாவது மணிக்கு 15 முதல் 17 கிலோமீட்டர் வேகம்; முன்னே செல்லும் கப்பலோடு மாறாத இடைவெளி; இருபுறமும் மணல். பார்ப்பதற்கு எளிமையான இந்தப் பயணம்தான், என் அனுபவத்தில், உடலையும் மனத்தையும் அதிகம் களைப்படையச் செய்வது. கரைக்கு அருகில் பெரிய கப்பல் செல்லும்போது அதன் பின்பகுதியைக் கரை தன் பக்கம் இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் அதைக் கணப்பொழுதில் உணர்ந்து திருத்தியாக வேண்டும். பக்கவாட்டுக் காற்று சேர்ந்துவிட்டால், கண்டெய்னர் அடுக்குகள் விரித்த பாய்போல் அதை வாங்கிக்கொள்ளும். 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் பலத்த காற்றுக்கும் புழுதிக்கும் நடுவே குறுக்கே திரும்பி, ஆறு நாட்கள் வழியை அடைத்துக்கொண்டபோது உலகம் வியந்தது. அந்தத் தென்பகுதியில் காற்றடிக்கும் நாளொன்றில், கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜில் நின்ற எவருக்கும் அது வியப்பாக இருந்திருக்காது.

அதன் பிறகு தென்பகுதியை அகலப்படுத்தும் பணி நடந்தது. அதற்கு முன்பே, 2015இல், 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய இணைவழி திறக்கப்பட்டது. பயனாளராக நான் கண்ட முன்னேற்றங்களில் மிகப் பெரியது அதுதான். முன்பெல்லாம் எதிர்த்திசைக் கான்வாய் கடக்கும்வரை கிரேட் பிட்டர் ஏரியில் நங்கூரமிட்டு மணிக்கணக்கில் நிற்போம். அந்த ஏரியில் நின்றபோதெல்லாம், 1967 போரில் சிக்கி, 1975இல் கால்வாய் மீண்டும் திறக்கும்வரை அங்கேயே முடங்கிக் கிடந்த 14 கப்பல்களின் நினைவு வரும். எட்டு ஆண்டுகள் என்பது ஒரு மாலுமியின் பணிக்காலத்தில் எத்தனை பெரிய துண்டு!

பனாமாவின் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். ஆனால் கப்பல் 26 மீட்டர் ஏறி, காட்டூன் ஏரியைக் கடந்து, மறுபடி கடல் மட்டத்துக்கு இறங்க வேண்டும். இந்தப் படிகளாக அமைந்தவைதான் லாக் எனப்படும் மதகுத் தொட்டிகள்: அட்லாண்டிக் பக்கம் காட்டூனில் மூன்று, பசிபிக் பக்கம் பெத்ரோ மிகேலில் ஒன்று, மிராஃப்ளோரெஸில் இரண்டு. 1914இல் திறக்கப்பட்ட பழைய தொட்டிகளின் அகலம் 33.5 மீட்டர், அவற்றுக்கெனவே கட்டப்பட்ட பனாமாக்ஸ் கப்பலின் அகலம் 32.3 மீட்டர். அதாவது, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் மிச்சம். முதல் முறை நுழைந்தபோது கான்கிரீட் சுவரின் கறைகளைக் கைநீட்டித் தொட்டுவிடலாம் போலிருந்தது. இரு கரைகளிலும் தண்டவாளத்தில் ஊரும் மியூல் எனப்படும் மின் எஞ்சின்கள் வடங்களால் கப்பலை நடுவில் நிறுத்திப் பிடிக்கின்றன. அந்த வடத்தின் முதல் கயிற்றை இன்றும் இரண்டு பேர் துடுப்புப் படகில் வந்துதான் வாங்கிப் போகிறார்கள். தொட்டியில் நீரை ஏற்றப் பம்பு எதுவும் கிடையாது; ஏரி நீர் தன் எடையாலேயே கீழிறங்கி, பல்லாயிரம் டன் எஃகை அதிர்வே இல்லாமல் உயர்த்துகிறது. 14 முறை பார்த்த பின்பும் அந்தக் காட்சி எனக்குச் சலிக்கவில்லை.

பணியாற்றுபவன் என்ற முறையில் நான் உணர்ந்த ஆழமான வேறுபாடு அதிகாரத்தைப் பற்றியது. சூயஸில், கால்வாயில் வழிகாட்டக் கப்பலில் ஏறும் உள்ளூர் வல்லுநரான பைலட் வழி சொல்கிறார். கப்பலுக்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு கேப்டனுடையது. பனாமாவில் பைலட் ஏறியதும் கப்பலை ஓட்டும் கட்டுப்பாடே விதிப்படி அவர் கைக்குப் போய்விடுகிறது. கப்பலை வேறொருவரிடம் ஒப்படைப்பது முதலில் உறுத்தலாக இருந்தது. இப்போது அந்த ஏற்பாடே நியாயம் என்று நினைக்கிறேன்; ஆண்டுக்கு ஒருமுறை வருபவரைவிட அன்றாடம் அங்கேயே உழைப்பவருக்கு அந்த நீரோட்டம் தெரியும்.

ஆனால் பனாமாவின் பெரும் பலவீனமும் அதே காட்டூன் ஏரியில்தான் இருக்கிறது. ஒரு கப்பல் கடக்கும்போது சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போய்விடுகிறது. 2016இல் திறந்த பெரிய லாக்குகள், பக்கத்துத் தேக்கங்களின் வழியே 60 சதவீத நீரை மறுமுறை பயன்படுத்துகின்றன. என்றாலும் மழை பொய்த்தால் தப்ப வழியில்லை. 2023 வறட்சியில், நாளொன்றுக்கு 36ஆக இருந்த கடப்புகள் படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 22 ஆயின. முன்பதிவு இல்லாத எங்கள் கப்பல் பசிபிக் பக்கத்தில் 11 நாட்கள் நின்றது. ஒரு நிறுவனம் முந்திச் செல்லும் இடத்துக்காக ஏலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கொடுத்ததும் அந்த ஆண்டில்தான். அந்த நாட்களில் எனக்கு வருத்தம் தந்தது தாமதம் மட்டுமன்று. பனாமா மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடிநீர் தருவதும் அந்த நீர்த்தொகுதிதான்; நாங்கள் காத்திருந்தது அவர்களுடைய தண்ணீருக்காக.

சூயஸுக்கு நீர்ப்பஞ்சம் வராது. அதற்கு வருவது போர். 2023 நவம்பர் முதல், சூயஸின் தெற்கு வாசலான செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கியதும், எங்கள் நிறுவனமும் கப்பல்களை நன்னம்பிக்கை முனை வழியே திருப்பியது. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது. எரிபொருள் கணக்கும் வீடு திரும்பும் தேதியும் சேர்ந்து மாறின.

புதிதாக வரும் இளநிலை அதிகாரிகளுக்கு நான் இரண்டு வெவ்வேறு தயாரிப்புகளைச் சொல்வது வழக்கம். சூயஸுக்கு முந்தைய நாள் சுக்கான் எந்திரத்தை இருமுறை சோதித்து, இரு நங்கூரங்களையும் உடனே இறக்கும் நிலையில் வைத்து, எல்லாரும் முறை வைத்துத் தூங்கிக்கொள்ள வேண்டும். பனாமாவுக்கு, சரக்கு ஏற்றும் துறைமுகத்திலேயே நன்னீர் மிதவாழத்தை, அதாவது நன்னீரில் கப்பல் எவ்வளவு ஆழம் அமிழும் என்பதைக் கணக்கிட வேண்டும். உப்பு நீரைவிட ஏரி நீரில் கப்பல் கூடுதலாக அமிழும், வறட்சிக் காலத்தில் அந்தச் சில சென்டிமீட்டருக்காகவே சரக்கைக் குறைத்து ஏற்ற நேரும்.