அரைத் தாங்கியில் நின்றுபோகும் ஜீப்பும் திருகோணமலைக் கராஜ்களும்

கனடாவிலிருந்து ஊருக்கு, திருகோணமலைக்கு, போய்வந்தவர்கள் எல்லோரும் இங்கே கோணேசர் கோயில் படமும் நிலாவெளிக் கடற்கரைப் படமும் போட்டுவிட்டீர்கள். என் பங்குக்கு மாமாவின் ஜீப்பைப் பற்றி எழுதுகிறேன். இந்த முறை லீவில் பெரும்பகுதி அதற்குள்தான் போனது.

வண்டி, எஞ்சின் பெயரால் 4டிஆர்5 என்று சொல்கிற மிட்சுபிசி ஜீப். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்காவின் வில்லிஸ் கம்பனியிடம் உரிமம் வாங்கி 1953 முதல் 1998 வரை மிட்சுபிசி ஜப்பானில் செய்த ஜீப் வரிசையில் ஒன்று. 2.7 லீற்றர் டீசல் எஞ்சின். கம்ப்யூட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. டீசலும் காற்றும் ஒழுங்காகப் போனால் ஓடும், போகாவிட்டால் நிற்கும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வண்டிக்கெல்லாம் விலை ஏறியதால் கேட்டு வருகிறவர்கள் ஏராளம். மாமா விற்க மாட்டார். அதை ஓடவும் விட மாட்டார், அதுதான் பிரச்சினை.

அம்மாவின் பழைய வளவைப் பார்க்கத் திரியாய்க்குப் போவதாகத் திட்டம். நகருக்குள் வண்டி தங்கமாக ஓடியது. உவர்மலை ஏற்றத்தில்கூட முனகவில்லை. நிலாவெளியைத் தாண்டி இறக்கக்கண்டிப் பாலமும் கடந்த பிறகு அக்சிலேற்றரை மிதித்தால் பதில் இல்லை. கொஞ்சம் வெள்ளைப் புகை, இரண்டு குலுக்கல், அப்புறம் மௌனம். நடு வெயில்.

மாமா அலட்டிக்கொள்ளவில்லை. பொனெட்டைத் திறந்து, பில்டர் தலையில் இருக்கிற காற்று எடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்பில் இருக்கிற கைப்பிடியால் அடித்தார். முதலில் சோப்பு நுரை மாதிரி வந்தது. நுரை அடங்கி டீசல் தெளிவாக வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார். ஒரே உதையில் ஸ்டார்ட். கொஞ்சத் தூரம் ஓடித் திரும்ப நின்றது. அடித்தார், ஓடியது, நின்றது. கடைசியில் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் கானில் டீசல் கொண்டுவந்து ஊற்ற, வீடு வரைக்கும் ஒரு குறையும் சொல்லாமல் வந்து சேர்ந்தது. திரியாய் அன்றைக்கு இல்லை.

“காத்துப் பிடிக்குது”, அதாவது டீசல் போகிற வழிக்குள் காற்றுப் புகுந்துவிடுகிறது என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எங்கே பிடிக்கிறது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. மாமா டீசல் தாங்கி (டேங்க்) மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்துவிட்டது என்றார். அப்படி என்றால் வண்டி நின்றதும் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பில்டர் என்றார். மச்சான் பம்ப் வால்வு என்றான். கீழே ஒழுக்கு எதுவும் தெரியவில்லை என்பதால் பைப் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டீசல் வண்டியில் அந்தக் கணக்குச் சரிவராது. தாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்றுத்தான் உள்ளே போகும். தரை காய்ந்துதான் கிடக்கும், வண்டி நிற்கும்.

சரி, முறையாகப் பார்ப்போம் என்று நகருக்கு வெளியே புதிதாகத் திறந்த ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். கண்ணாடி அறை, ஏசி, கோப்பி மெசின். தொப்பி போட்ட பையன் டப்லெட்டில் விபரம் எழுதி, வட்ஸ்அப்பில் படம் அனுப்புவதாகச் சொன்னான். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். அட, எங்கள் கனடா ஸ்காபரோ மாதிரியே வந்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன். மாமா ஒன்றும் பேசாமல் கோப்பியைக் குடித்தார்.

ஸ்காபரோ மாதிரியேதான் இருந்தது. அங்கே என் காருக்கு செக் எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேனரைக் குத்தி, வருகிற எண்ணைப் பார்த்து, அதற்குரிய சாமானை மாற்றி பில்லைத் தருவார்கள். பார்த்ததற்கு மட்டும் தனிக் கட்டணம். முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவதால் சண்டை போடவும் முடியாது. அந்தப் பழக்கம் அப்படியே கடல் தாண்டி வந்திருக்கிறது, ஸ்கேனர் குத்துவதற்கு இடமே இல்லாத வண்டிக்கும்.

இடையில் பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது, அப்புறம் சனி ஞாயிறு. கடைசியில் முடிவு வந்தது: இன்ஜெக்டர் பம்ப் தேய்ந்துவிட்டது, நான்கு இன்ஜெக்டரும் சந்தேகம், எல்லாவற்றையும் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தொகை லட்சங்களில். பம்ப் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அண்ணா, பழைய வண்டிதானே” என்றான் பையன். பில்டரை மாற்றி, ஓட்டிப் பார்ப்பதற்கு 10 லீற்றர் டீசல் ஊற்றியிருந்தார்கள். இப்போது ஓடுகிறதே என்றேன். “இப்ப ஓடும், எப்ப நிக்கும் எண்டு சொல்ல ஏலாது.” பில்டருக்கும் டீசலுக்கும் பார்த்த கூலிக்கும் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். ஓடியது பில்டராலா டீசலாலா என்று அந்தக் கண்ணாடி அறைக்குள் ஒருவரும் யோசிக்கவில்லை.

அடுத்து நின்றது கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்த் திரும்பும் வழியில். அப்போதுதான் மாமாவுக்குக் கிண்ணியாவில் இருக்கிற மெக்கானிக் நானாவின் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஞாபகம் வந்தது. முன்பு மாமாவின் லொறிக்கு வேலை செய்தவர். வயது போய்விட்டது, இப்போது வேலை செய்கிறாரோ தெரியாது என்றுகொண்டே போன் அடித்தார்.

நானா போனில் கேட்ட முதல் கேள்வியை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். “டேங்கில எண்ணெய் எவ்வளவு இருக்கக்குள்ள நிக்கிது?”

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. எந்த இடத்தில் நின்றது என்று கேட்டார்கள், எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டார்கள். டீசல் அளவு காட்டும் மீட்டர் செத்து எத்தனையோ வருடம். மாமா தாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டுத்தான் பார்ப்பார். நின்ற ஒவ்வொரு முறையும் குச்சியில் ஈரம் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்ததாக அவருக்கே அப்போதுதான் பொறி தட்டியது. அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “பம்ப கழட்டக் குடுத்திராதீங்க. கானில டீசல் எடுத்து, டேங்க விட்டுட்டு நேர பம்புக்கு ஹோஸ் குடுத்து ஓட்டிட்டு வாங்க. வழியில நிண்டா பம்ப். நிக்காம வந்தா டேங்க்.”

இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்ட கேள்விக்கு ஒரு கானும் மூன்று முழம் ஹோஸும் போதுமாம்.

பம்புக்குப் போகிற பைப்பைக் கழற்றி ஹோஸை மாட்டினோம். திரும்பி வருகிற பைப்பையும் கானுக்குள்ளேயே விடச் சொன்னார், இல்லாவிட்டால் மிச்ச டீசல் தாங்கிக்குப் போய்க் கான் வழியிலேயே வற்றிவிடும். நான் முன் சீட்டில் 5 லீற்றர் கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயிலும் டீசல் நாற்றமும். பிஸ்னஸ் கிளாஸில் வந்த மனுசன் என்று மாமா நக்கலடித்தார்.

கிண்ணியாவுக்குப் போகும் பாதை சீனக்குடா வழியாக. அந்தப் பக்கத்துக் காட்டுக்குள்தான் வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, இன்றைக்கும் 99 இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட இடமும் இதுதான். அந்த வழியால் ஒரு ஜப்பான் ஜீப்பில், ஒற்றைத் தாங்கிக்கு வக்கில்லாமல், கானைக் கட்டிப்பிடித்தபடி போனேன். ஒரு பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார், சிரித்தார், மறிக்கவில்லை. கனடாவில் என்றால் அந்த இடத்திலேயே வண்டியைப் பறித்திருப்பார்கள்.

2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவுக்குப் போகிறோம் என்ற உணர்வே வருவதில்லை. முன்பு வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகிற ‘பாதை’ என்ற படகுக்குக் காத்திருப்போம், கச்சான் வாங்குவோம், வண்டியை ஏற்றும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வார். இப்போது ஒரு பாட்டு முடிவதற்குள் அக்கரை. பழைய காத்திருப்பு வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கானோடு அந்தப் படகில் போயிருந்தால் இன்னும் நல்ல கதையாக இருந்திருக்கும்.

வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தேய்ந்துபோன பம்ப் என்று எழுத்தில் தந்திருந்தார்கள்.

நானாவின் இடம் தகரக் கொட்டில். ஒரு வேப்பமரம், ஒரு வைஸ், ஒரு வாளி. பிளேன்டீ தந்துவிட்டு, வண்டியைச் சுற்றி வராமல் நேரே தாங்கிக்குப் போனார். தட்டைக் கழற்றி, அடிவரைக்கும் போகிற உறிஞ்சு பைப்பை மெதுவாக உருவினார். கீழ்ப்பாதி டீசலில் ஊறிப் புதிதுபோல இருந்தது. மேல்பாதி முழுக்கச் செதில் செதிலாகத் துரு. துடைத்துப் பார்த்தும் ஓட்டை தெரியவில்லை. அடிவாயை ஒரு விரலால் அடைத்து, பைப்பை வாளித் தண்ணீருக்குள் விட்டு, மேல் வாயில் ஊதினார். நடுவிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக எழும்பின. நானா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். மாமா குச்சியைக் கொடுத்தார். பைப்பையும் குச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாமா பென்சிலால் கீறியிருந்த கோட்டுக்கு நேரே குமிழி வந்த இடம்.

டீசல் ஓட்டைக்கு மேலே நிற்கும்வரை உறிஞ்சுவது டீசல். கீழே இறங்கியதும் உறிஞ்சுவது காற்று. யார் டீசல் ஊற்றினாலும் வண்டி குணமாகியதன் ரகசியம் அவ்வளவுதான்.

ஏன் மேல்பாதி மட்டும் துரு என்று கேட்டேன். “பெற்றோல் லைன் காலம் ஞாபகம் இருக்கா தம்பி? டேங்க பட்டினி போட்டீங்க.” 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசை, அப்புறம் க்யூஆர் கோட் காட்டி அளவாக வாங்கும் கோட்டா, 2023 செப்டெம்பர் வரைக்கும் அப்படித்தான் போனது. மாமா ஜீப்பை ஓட்டாமல் அடியில் கொஞ்ச டீசலோடு நிறுத்தி வைத்திருந்தார். வெற்றுத் தாங்கிக்குள் கடற்காற்றின் ஈரம் இராத்திரியில் வியர்த்து, டீசல் படாத இடத்தை எல்லாம் தின்றிருக்கிறது. ரொறன்ரோவில் பனிக்காலத்து றோட்டு உப்பு வண்டியை வெளியிலிருந்து அரிக்கும், இங்கே உள்ளிருந்து. அங்கே ஆறு மாதம் நிறுத்தி வைக்கும்போது தாங்கியை நிரப்பி நிறுத்துவோம். கோட்டாக் காலத்தில் அந்த யோசனையை மாமாவிடம் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பார்.

நானா துருப்பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிப்பில் செப்புக் குழாய் வைத்துப் பித்தளையால் ஒட்டினார். தாங்கிக்குள் மண்ணெண்ணெயும் ஒரு பிடி சல்லிக்கல்லும் போட்டு, மகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். வெளியே வந்த கஷாயத்தைப் பார்த்தால் அந்த பில்டர் அதுவரை அடைபடாமல் இருந்ததே அதிசயம். பைப் முனையில் வருகிற செப்பு வொஷர்கள் பழையவை. புதியது கைவசம் இல்லை. எனக்கு முகம் போன போக்கைப் பார்த்து, நானா ஒரு கம்பியில் வொஷரைக் கோர்த்து, சிவக்கும்வரை நெருப்பில் காட்டித் தண்ணீரில் போட்டார். இறுகிப்போன செம்பு சூட்டில் மெத்தென்று ஆகிவிடும், இறுக்கும்போது பள்ளம் மேட்டில் ஒழுங்காகப் படியும். கனடாவில் அந்த வொஷர் ஒரு டொலர்கூட வராது. அதற்காக யாரும் நெருப்புப் பற்றவைக்கவும் மாட்டார்கள்.

போகிற போக்கில் இன்னொன்றும் செய்தார். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று மட்டும் கேட்பதற்கு மாமா புதுப் பற்றறி வாங்க இருந்தார். பற்றறியிலிருந்து வண்டியின் உடம்புக்கு வருகிற ஏர்த் வயரின் அடியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். அவ்வளவுதான். அதற்குக் கூலி கேட்கவில்லை. மற்றதற்குக் கேட்ட கூலி, கண்ணாடி அறையில் ‘பார்த்ததற்கு’ நான் கட்டியதில் பாதிகூட வராது. கூடக் கொடுத்தேன், மிச்சத்தை எண்ணித் திருப்பித் தந்துவிட்டார்.

எல்லாம் நல்லதென்று நினைக்க வேண்டாம். அசர் தொழுகை, சாப்பாடு, யாரோ ட்றக்டரோடு வந்தது என்று இரவாகிவிட்டது. நேரம் கேட்டால் “இப்ப முடியும்” என்பதுதான் பதில். ரசீது இல்லை. லைட் போனபோது போன் வெளிச்சத்தில் ஸ்பேனர் தேடினோம். ஸ்காபரோக் காரியாலயத்தில் இப்படி ஒரு நாளைக் கழித்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். அன்றைக்கு ஏறவில்லை, ஏனென்று தெரியாது.

திரியாய்க்குப் போய்வந்தோம், வழியில் எங்கும் நிற்கவில்லை. பிரேக் போட்டால் மட்டும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. வலது முன் சில்லின் சிலிண்டர் ரப்பர் போயிருக்கும் என்று நானா போனிலேயே சொல்லிவிட்டார். சாமானைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லி மச்சானிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறேன். கிண்ணியாப் பக்கம் வண்டி கொண்டுபோக இருப்பவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, காலையிலேயே போய்விடுங்கள். டீசல் எவ்வளவு இருக்கும்போது நின்றது என்று பார்த்து வைத்துக்கொண்டும் போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.