காட்டு இஞ்சிக் கிழங்கு: வடிப்பதா, ஊறவைப்பதா, வாயுவால் பிரிப்பதா?

காட்டு இஞ்சி என்று நான் இங்கே சொல்வது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த சிஞ்சிபர் செரும்பெட் என்ற செடியை. முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அசாரம் என்ற முற்றிலும் வேறு குடும்பத்துச் செடியையும் காட்டு இஞ்சி என்கிறார்கள். அதில் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயை உண்டாக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. கைக்கு வந்த கிழங்கு எந்தச் செடியினுடையது என்று உறுதியாகத் தெரியாமல் அடுப்பு மூட்டக் கூடாது.

செரும்பெட் கிழங்கில் எல்லோரும் தேடுவது செரும்போன். பதினைந்து கார்பன் கொண்ட செஸ்குவிடெர்பீன் வகைக் கீட்டோன் அது. பதினொரு கார்பன் வளையம், C15H22O. கூடவே ஆல்பா ஹ்யூமுலீனும் இருக்கும். அதற்கும் அதே வளையந்தான், ஆனால் கார்பனோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கார்போனைல் தொகுதி கிடையாது. அந்த ஒரு ஆக்சிஜன்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. செரும்போனில் கார்போனைலின் இருபுறமும் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் குளுட்டாத்தயோன், சிஸ்டீன் போன்ற செல் மூலக்கூறுகளின் கந்தகம் அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. செல்களில் அழற்சியைத் தணிக்கும் வேலையில் செரும்போன் முந்துவதற்கும் ஹ்யூமுலீன் பின்தங்குவதற்கும் இதையே முக்கியக் காரணமாகக் கருதுகிறார்கள். எனவே எண்ணெய் எவ்வளவு கிடைத்தது என்று அளப்பதோடு நிறுத்தக் கூடாது; அதில் செரும்போன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அதற்கு என் முதல் தேர்வு, பழைய முறையான காய்ச்சி வடித்தல். நறுக்கிய கிழங்கைத் தண்ணீரோடு கிளெவெஞ்சர் கருவியில் கொதிக்கவிட்டால் நீராவியோடு எண்ணெய் ஏறி வந்து குளிர்ந்து தனியே மிதக்கும். பொறுமை வேண்டும். கேம்பீன், கற்பூரம் போன்ற இலகுவானவை முதலில் வந்துவிடும். கனமான செரும்போன் பின்னால்தான் வரும். ஒரு மணி நேரத்தில் அடுப்பை அணைத்தால் நறுமணம் நிறைய இருக்கும், தேடிய பொருள் குறைவாக இருக்கும். செரும்போன் மிகுந்த எண்ணெயைக் குளிரவைத்தாலே படிகம் விழத் தொடங்கும். அந்தப் படிகத்தை ஹெக்சேனில் கரைத்து மறுபடி படியவிட்டால் திரவமான ஹ்யூமுலீன் கரைசலோடு போய்விடும், வெளிர் படிகம் தங்கும். அதன் உருகுநிலை 65 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்தால் சுத்தமாகப் பிரித்திருக்கிறோம் என்று நம்பலாம். கலவையைச் சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே ஓட்டிப் பிரிக்கும் நிரல் நிறப்பகுப்பே தேவைப்படாத இந்த எளிமை இயற்கைப் பொருள் வேதியியலில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

எத்தனாலில் ஊறவைப்பது அப்படியல்ல. செரும்போனோடு நிறமி, பிசின், சர்க்கரை எல்லாம் சேர்ந்து இறங்கும். கரைப்பானை ஆவியாக்கினால் பிசுபிசுப்பான பழுப்புக் கூழ் மிஞ்சும். அதிலிருந்து செரும்போனை எடுக்க நிரல் நிறப்பகுப்பு இல்லாமல் முடியாது. செரும்போன் மட்டும் போதும் என்பவர் இந்த வழிக்கே போக வேண்டாம்.

ஆனால் ஆவியாகாத சேர்மங்களும் இதே கிழங்கில் இருக்கின்றன. கெம்ப்ஃபெரால் என்ற ஃபிளேவனாய்டோடு ராம்னோஸ் சர்க்கரை இணைந்த அஃப்செலின், அதே சர்க்கரையில் அசெட்டைல் தொகுதிகள் ஏறிய அதன் உறவுகள். இவை நீராவியோடு மேலே வராது, எத்தனாலில்தான் கிடைக்கும். இங்கே ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. எண்ணெயை, ஆவியாகும் பொருள்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக்கு அனுப்பி, வந்த பட்டியலையே கிழங்கின் முழு வேதியியல் என்று எழுதிவிடுகிறார்கள். சர்க்கரை இணைந்த இந்த ஆவியாகாத கிளைக்கோசைடுகளை அந்தக் கருவி அப்படியே காட்டாது. திரவ நிறப்பகுப்பு வேண்டும். வடித்த பின் மிஞ்சும் சக்கையையே எத்தனாலில் போட்டுவிடலாம் என்ற குறுக்குவழியும் எனக்கு உடன்பாடில்லை. மணிக்கணக்கில் கொதித்த நீரில் அசெட்டைல் தொகுதிகள் கழன்றுவிடக்கூடும். ஃபிளேவனாய்டு வேண்டுமென்றால் தனியாக ஒரு பங்கு கிழங்கை எடுத்து, சூடில்லாமல் ஊறவைப்பதே சரி.

மூன்றாவது வழி கரியமில வாயு. 31 டிகிரிக்கும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் அது வாயுபோல ஊடுருவி, திரவம்போலக் கரைக்கும். அழுத்தத்தை இறக்கியதும் பறந்துவிடும், கரைப்பானின் எச்சம் இருக்காது. முனைவு குறைந்த செரும்போனுக்கு நன்றாகப் பொருந்துகிறது. கிளைக்கோசைடுகளுக்கு எத்தனாலைத் துணைக்குச் சேர்த்தாக வேண்டும். வெப்பம் தாங்காத பொருளென்றால் இதையே முதலில் வைத்திருப்பேன். செரும்போன் கொதிநீர் ஆவியைத் தாங்கி வருவதால் இதன் பெரிய சாதகம் இங்கே பாதியாகிவிடுகிறது. தொடர்ந்து பெருமளவில் எடுப்பவருக்குத்தான் இந்த உயரழுத்தக் கலமும் பம்பும் தேவை.

எந்த வழியில் எடுத்தாலும் செரும்போன் தண்ணீரில் கரைய மறுக்கிறது. செல்லிலும் எலியிலும் கண்ட பலன் மனித மருந்தாக மாறாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்துக்குள் அதைப் பொதிந்து கரைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அந்த வேலைக்கு வேண்டியது கூழ் அல்ல, வடித்துப் படியவைத்த படிகம்.